பக்கிங்காம் கால்வாயும் கழிமீன்களும்

நெய்தல் நிலத்தார்க்கு உரிய உணவு எதுவென வினவின், உப்பு விற்றுப் பெற்றதும் மீன் விற்றுப் பெற்றதும் என்பர் அகப்பொருள் இலக்கண நூலார். இவ்விரண்டும் விளையும் இடமாகிய உப்பங்கழி சங்கச் செய்யுள்களில் வெறும் பின்புலமாக நின்றதில்லை. சுறாவும் முதலையும் வழங்கும் கழியைக் கடந்தே தலைவன் வருகின்றான். கழியோரத்து வெண்மணலில் குவிந்த உப்பை வண்டியேற்றி உமணர் உள்நாடு செல்கின்றனர். கழியில் ஓதம் ஏறுவதும் வடிவதும் தலைவியின் நெஞ்சத்து இரங்கலுக்கு அளவுகோலாகின்றன.

இத்தகைய கழிகள் பலவற்றை ஒன்றோடொன்று கோத்து, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியினர் சோழமண்டலக் கரையோரமாக ஒரு நீர்வழியை அமைத்தனர். அதுவே பக்கிங்காம் கால்வாய். அதன் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் படகையும் சுங்கத்தையும் உப்பையும் விறகையுமே எழுதினர். நெய்தலின் மற்றொரு செல்வமாகிய மீன் அவ்வரலாற்றில் இடம்பெற்றது மிகக் குறைவு. கால்வாய் மீனுக்காக வெட்டப்பட்டதன்று என்பது உண்மையே. எனினும் வெட்டிய நோக்கம் மறைந்த பின்னரும் அந்நீரில் மீன் இருந்தது. அம்மீனை நம்பிக் குடிகள் இருந்தன. ஆகவே கால்வாயின் வரலாற்றை மீன்களின் பக்கம் நின்று ஒருமுறை நோக்குவது தேவையாகின்றது.

கால்வாய் பிறந்த வரலாறு

இக்கால்வாயின் முதற்பகுதி 1806ஆம் ஆண்டளவில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அமைந்தது. அதனை முன்னின்று நடத்திய பேசில் காக்ரேன் என்னும் வணிகரின் பெயராலேயே அது தொடக்கத்தில் வழங்கிற்று. பின்னர் அது பழவேற்காட்டு ஏரிவரை நீண்டது. 1837இல் சென்னை மாகாண அரசு கால்வாயைத் தன் பொறுப்பில் ஏற்று, வடக்கிலும் தெற்கிலும் படிப்படியாக நீட்டியது. வடக்கே கிருட்டிணை ஆற்றுப் பாசனப் பகுதியை அணுகும் பெத்தகஞ்சம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் சென்ற இந்நீர்வழி, மொத்தத்தில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளம் உடையது. இதில் ஏறத்தாழ 163 கிலோமீட்டர் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் அடங்கும்.

சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளப் பகுதி வெட்டப்பட்ட சூழல் துயரம் மிக்கது. தாது வருடப் பஞ்சம் என இன்றும் முதியோர் வாய்மொழியில் வாழும் 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தில், பட்டினியால் நகரை நாடி வந்த மக்களுக்கு வேலை தரும் பஞ்ச நிவாரணப் பணியாக அது மேற்கொள்ளப்பட்டது. கூலிக்குக் கஞ்சி பெற்ற கைகள் தோண்டிய அந்த இணைப்பு முடிவுற்றபோது, 1878இல், அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தோரின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை.

வடக்கிலிருந்து நெல்லும், ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும், கரியும், சிப்பிச் சுண்ணாம்பும், அளங்களிலிருந்து உப்பும் இவ்வழியே நகரை அடைந்தன. வடசென்னையில் படகுகள் வந்து தங்கிய நீர்த்துறையின் நினைவு ‘பேசின் பாலம்’ என்னும் பெயரிலும், உப்புக் களஞ்சியங்களின் நினைவு ‘சால்ட் கொட்டாரம்’ என்னும் பெயரிலும் எஞ்சியுள்ளன. பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களுடன் இக்கால்வாயில் படகேறி மாமல்லபுரம் சென்ற பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாடலாக்கினார். உமணரின் வண்டித் தடத்திற்குச் சங்கப் புலவர் செய்ததை, உப்புப் படகின் நீர்வழிக்குப் பாவேந்தர் செய்தார் எனலாம்.

வெட்டிய நீர் கழியான விதம்

மண்ணில் வெட்டிய வாய்க்கால் எவ்வாறு கழியாயிற்று என்பது அடுத்து எண்ணத்தக்கது. கால்வாய் கடற்கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், கரைக்கு இணையாகச் செல்வது. வழியில் அது பழவேற்காட்டு ஏரியையும், எண்ணூரில் கொசத்தலையாற்றின் கழிமுகத்தையும், நகரில் கூவத்தையும் அடையாற்றையும், தெற்கே முட்டுக்காட்டில் கோவளத்துக் கழியையும், அதற்கும் தெற்கே பாலாற்றையும் தொட்டுச் செல்கின்றது. இவ்வாறுகளின் முகத்துவாரங்கள் திறந்திருக்கும்போது கடலோதம் கால்வாய்க்குள் ஏறும். சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்றம் பெரிதன்று. ஒரு மீட்டரைச் சுற்றியே அமையும். எனினும் தட்டையான நிலத்தில் அவ்வளவே நெடுந்தொலைவு உவர்நீரைச் செலுத்தப் போதுமானது.

இந்நீரின் உவர்ப்பு ஆண்டு முழுவதும் ஒரு தன்மையதாக இராது. கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுவெள்ளம் புகும்போது கால்வாய் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் முகத்துவாரங்களை மணல் மூட, வெயிலில் நீர் வற்றி, சில இடங்களில் கடலினும் மிக்க உவர்ப்பு ஏறும். இவ்விரு முனைகளையும் தாங்கும் ஆற்றலுடைய உயிர்களே இங்கு நிலைபெற முடியும். கழிமீன் எனத் தனியே ஒரு கூட்டத்தைப் பரதவர் பிரித்துக் கூறுவதன் காரணம் இதுவே.

நேராக வெட்டிய கரைகளில் தொடக்கத்தில் மீனுக்கு ஒதுங்க இடம் இருந்திருக்காது. இயற்கைக் கழிக்குரிய வளைவும் மேடும் பள்ளமும் அங்கில்லை. காலப்போக்கில் வண்டல் படிந்து, கரைகள் சரிந்து, உமரியும் வெண்கண்டலும் வேரூன்றிய இடங்களில் கால்வாய் கழியின் உருவத்தை மெல்ல மெல்ல எய்திற்று. படகோட்டத்திற்காக வண்டலை அள்ளி ஆழப்படுத்த வேண்டியிருந்த பொறியாளருக்குக் குறையாகத் தோன்றிய அதுவே மீனுக்கு வீடாயிற்று.

மீன்களின் வரவு

கால்வாயிற் காணப்பெறும் மீன்களை அவை பிறக்கும் இடத்தால் இருவகையாகப் பகுக்கலாம். கடலிற் பிறந்து கழியில் வளர்வன ஒருவகை. கழியிலேயே பிறந்து வளர்வன மற்றொருவகை. இப்பகுப்பு வெறும் விலங்கியற் செய்தி எனக் கடந்துவிடத் தக்கதன்று. கால்வாயின் நலமும் கேடும் இதனாலேயே அறியப்படும்.

மடவை கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் பருவமழையை ஒட்டித் திறக்கும் முகத்துவாரங்களின் வழியே கூட்டங்கூட்டமாகக் கழிக்குள் புகுந்து, சேற்றின் மேற்படியும் பாசியையும் மட்கையும் தின்று வளர்ந்து, முதிர்ந்தபின் முட்டையிடக் கடல் திரும்பும். பால்மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுகள் கோடைத் தொடக்கத்தில் கரையை அடைகின்றன. வெள்ளை இறாலின் வாழ்வும் இவ்வாறே. கடலிற் பிறந்த நுண்குஞ்சு ஓதத்தோடு உள்ளே வந்து சில திங்கள் வளர்ந்து மீள்கின்றது. கொடுவாயின் வாழ்வு வியப்புக்குரியது. அது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாக மாறும் இயல்பினது. எனவே இளமையிலேயே பிடிபட்டுத் தீர்ந்தால், முட்டையிடப் பெண்மீன் இல்லாமற்போகும்.

கழியிலேயே வாழ்வை முடித்துக் கொள்வனவற்றுள் கேரளத்தார் கரிமீன் எனப் போற்றும் மீன் முதன்மையானது. தாயும் தந்தையும் சேர்ந்தே முட்டைகளையும் குஞ்சுகளையும் காக்கும் மீன் அது. கெளிற்று இனங்கள் சிலவற்றில் ஆண்மீன் முட்டைகளை வாயில் ஏந்திக் காக்கின்றது. இவற்றோடு கிழங்கானும், பிடிபட்டால் ஒலியெழுப்பும் கீச்சானும், சேற்று நண்டும் கலந்து வாழ்வதே கழியின் இயல்பான குடித்தொகுதி.

கால்வாய் இக்குடித்தொகுதிக்கு ஒரு புதுவசதியை அளித்தது. தனித்தனியே கிடந்த கழிகளை அது இணைத்தது. பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் அடைபட்ட காலத்திலும், எண்ணூர் வழியே புகுந்த குஞ்சுகள் கால்வாய் ஊடாக வடக்கே செல்ல வழி ஏற்பட்டது. வணிகருக்கு இணைப்பாக அமைந்தது மீனுக்கும் இணைப்பாயிற்று. அதேவேளை நீர்மட்டத்தைக் காக்க அமைந்த, ‘லாக்கு’ என மக்கள் வழங்கிய அடைப்பு மதகுகள் மூடியிருந்த நேரமெல்லாம் மீனின் வழியும் மூடியே இருந்தது.

சென்னை இராணுவ மருத்துவப் பணியிலிருந்து மீனியலுக்கு வந்த பிரான்சிசு டே என்பாரின் ‘இந்திய மீன்கள்’ என்னும் பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. கூவமும் அடையாறும் இணைக்கப்பட்ட ஆண்டுகளும் அவையே. ஆற்றின் குறுக்கே எழும் அணைக்கட்டுகள் மீனின் ஏற்றத்தைத் தடுப்பதையும், சிறுகண் வலைகள் குஞ்சுகளை அழிப்பதையும் டே அரசுக்கு எடுத்துரைத்தார். வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது. 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்துறை உருப்பெற்றது. நீரைப் படகின் வழியாக நோக்கிய அரசு, அதனை மீனின் இடமாகவும் நோக்கத் தொடங்கிய காலம் இது.

பாடும் பறியும்

பழவேற்காட்டுப் பகுதியின் பட்டினவர் ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை வழங்கி வருகின்றது. மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களைக் குறித்து, அவ்விடங்களில் வலையிடும் உரிமையைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்து கொள்வது அதன் அடிப்படை. ஒருவனே நல்லிடத்தை என்றும் வைத்திருக்க இயலாது. எவனும் முற்றாக வெறுங்கையனாகவும் நிற்க மாட்டான். ‘மீன்பாடு’ என்னும் சொல் கிடைத்த மீனையும், ‘பாடு’ என்பது கிடைக்கும் இடத்தையும், பொதுவழக்கில் அதே சொல் உழைப்பையும் துன்பத்தையும் குறிப்பது மொழியறிஞர் கருதத்தக்கது. அரசாணை எதுவுமின்றி மீனின் அளவுக்கும் மாந்தரின் தேவைக்கும் இடையே சமன் காத்த ஏற்பாடு இது.

வலையும் படகும் இல்லாத இருளர் குடிகள் ஆழமில்லாக் கழிநீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பர். பிடித்த இறாலை இட, ஓலையால் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக் கொண்டு மணிக்கணக்கில் நீரில் தவழும் பெண்களை எண்ணூர், பழவேற்காட்டுப் பகுதிகளில் காணலாம். இவர்களுக்கு நீரின் ஆழமும் அடிச்சேற்றின் தன்மையும் விரல் நுனியில் அறியப்படுவன. சேற்றின் மேல் வேறொன்று படியுமாயின், அதை முதலில் உணர்வதும் அவ்விரல்களே.

வாயில் அடைபட்ட காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இருப்புப்பாதையும் சாலையும் படகின் தொழிலைப் பறித்தன. 1960களின் நடுவில் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தபின் படகோட்டம் அருகி மறைந்தது. பராமரிப்பு நின்றது. கால்வாய் கழியாகத் தழைப்பதற்கு ஏற்ற தருணமாக அது அமைந்திருக்கக்கூடும். நடந்ததோ வேறு.

நகரப் பகுதியில் கழிவுநீர் கால்வாயின் முதன்மை நீராயிற்று. நீரிற் கரைந்த உயிர்வளியைக் கழிவே உண்டுவிட, மீன் மூச்சுவிட இயலாத நிலை உருவாயிற்று. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இலும், மயிலை வரை 1997இலும் ஓடத் தொடங்கிய பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயின் மடியிலேயே ஊன்றப்பட்டு அதன் அகலத்தைக் குறைத்தன.

இந்நீரில் தாங்கி நிற்கத்தக்க மீனாக அமைந்தது ஜிலேபிக் கெண்டை என மக்கள் பெயரிட்ட திலேப்பியா. ஆப்பிரிக்காவுக்குரிய இம்மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இலங்கையிலிருந்து மண்டபத்திற்கு வந்த வழி அவற்றுள் ஒன்று. உவர்ப்பையும் நன்னீரையும் ஒருங்கே தாங்கும். உயிர்வளி குறைந்த நீரிலும் வாழும். சில திங்களிலேயே முதிர்ந்து ஆண்டில் பலமுறை இனம் பெருக்கும். குஞ்சு ஈன அதற்குக் கடல் வேண்டுவதில்லை. முகத்துவாரம் அடைபட்ட நீரில் கடலிற் பிறக்கும் மடவையும் பால்மீனும் கொடுவாயும் வெள்ளை இறாலும் புதுத் தலைமுறை பெறாமல் ஒன்றன்பின் ஒன்றாக மறைய, உள்ளேயே பெருகும் ஜிலேபிக் கெண்டை எஞ்சி நிற்கின்றது. ஒரு கால்வாய்ப் பகுதியில் வீச்சுவலையில் விழும் மீன் ஜிலேபிக் கெண்டையாகவே இருக்குமாயின், அங்குக் கடலின் வாயில் நெடுங்காலம் மூடிக் கிடந்தது என அறிந்துகொள்ளலாம். ஆவணக் காப்பகத்தில் எழுதப்படாத வரலாறு வலையில் எழுதப்பட்டிருக்கின்றது.

வடக்கே எண்ணூரில் கேடு வேறு உருவில் வந்தது. 1970இல் மின் உற்பத்தி தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையமும், 1994இல் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் இயங்கத் தொடங்கிய துறைமுகமும் கழியின் நிலத்தையும் நீரையும் மாற்றின. குழாய்களிற் கசிந்த நிலக்கரிச் சாம்பல் அடியிற் படிந்து நீரின் ஆழத்தைக் குறைத்ததோடு, இறாலும் மட்டியும் புதைந்து வாழும் சேற்றையும் மூடிற்று. அண்மை ஆண்டுகளில் அமெரிக்க வெப்பக் கடற்கரைகளுக்குரிய ஒரு சிப்பி, மீனவர் வழக்கில் ‘காக்கா ஆழி’ எனப்படுவது, எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அடித்தரையைக் கம்பளம் போலப் போர்த்திப் பரவி, மஞ்சள் மட்டியின் இடத்தையும் இறாலின் இடத்தையும் கவர்ந்தது. 2023ஆம் ஆண்டு திசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இக்கால்வாய் வழியாகவே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, படகிலும் வலையிலும் கண்டல் வேர்களிலும் படிந்தது. குஞ்சுகளைக் கழிக்குக் கழி கொண்டுசென்ற அதே இணைப்பு நஞ்சையும் கொண்டுசெல்லும் என்பதற்கு அந்நிகழ்வு சான்றாயிற்று.

எஞ்சியிருப்பன

எனினும் கால்வாய் முழுதும் இறந்துபட்டதெனக் கூறுவதற்கில்லை. நகர்க்குத் தெற்கே முட்டுக்காட்டில் ஓதம் இன்றும் ஏறி இறங்குகின்றது. 1987இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் களநிலையம் அங்கு அமைந்தது தற்செயலன்று. கொடுவாயைச் சிறைநீரில் இனம்பெருக்கும் முயற்சியில் அந்நிறுவனம் 1997இல் வெற்றி கண்டது. தென்கோடியில் மரக்காணத்து உப்பளங்களை அடுத்த கழுவேலி 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பறவை வரும் இடத்தில் மீன் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போது கால்வாய் பல இடங்களில் கடல்நீரைத் தன்னுள் ஏற்று உட்புறத்து ஊர்களைக் காத்தது என ஆய்ந்தோர் குறித்துள்ளனர்.

2008இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கால்வாயை மீட்பது பற்றிப் பேசப்படும்போதெல்லாம் படகும் கரைச்சுவரும் பூங்காவும் முன்வைக்கப்படுகின்றன. மீன்களின் வரலாறு காட்டும் வழி இதனின் வேறானது. முகத்துவாரம் திறந்திருத்தல் வேண்டும்; கழிவு புகுதல் நிற்க வேண்டும்; கரை முழுதும் கற்சுவராகாமல் சேறும் கண்டலும் நிற்க ஓரிடம் விடல் வேண்டும். இம்மூன்றும் அமையுமாயின் மடவையை எவரும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை. இரு நூற்றாண்டுகளுக்கு முன்னும் அதனை எவரும் அழைத்து வரவில்லை. ஓதத்தின் வழியே அது தானே வந்தது.

இதில் புலவர்க்கும் பங்குண்டு. மடவை, கொடுவா, கிழங்கான், கீச்சான், ஏற்றம், வற்றம், பாடு, பறி என்பன கழிநீரோடு பிணைந்து வாழும் சொற்கள். பொருள் மறைந்தபின் சொல் சில காலம் அகராதியில் நிற்கும், பேச்சில் நிற்காது. திணை என்பது நிலமும் பொழுதும் கருப்பொருளும் சேர்ந்த வாழ்வு எனத் தொல்காப்பியர் வகுத்தார். கருப்பொருள் தீர்ந்த நெய்தலில் உரிப்பொருளாகிய இரங்கல் மட்டும் எஞ்சும். அவ்விரங்கலும் தலைவியினுடையதாக இராது, வெறும்பறியோடு கரையேறும் பெண்ணினுடையதாக இருக்கும். நெய்தலைப் பாடுவோர் கழிக்கரைக்குச் சென்று, இன்றும் வலையில் விழும் மீன்களின் பெயர்களை மீனவரிடம் கேட்டு எழுதி வைத்தல் நன்று. எந்த ஊர்க் கரையில், எந்தத் திங்களில், எந்த மீன் வந்தது, எது வாராதொழிந்தது என்னும் குறிப்புகள் பிற்காலத்தார்க்குக் கவிதையினும் குறையாத பயன் தரும். அக்குறிப்புகள் இருக்குமாயின், கால்வாயை மீட்க எண்ணும் ஒரு தலைமுறைக்கு எதனை மீட்பது என்பதேனும் தெரிந்திருக்கும்.